குறை மாவுச்சத்துக் காலை உணவு

குறை மாவுச்சத்துக் காலை உணவு என்பது அரிசி, கோதுமை, சர்க்கரை போன்றவற்றிலிருந்து கிடைக்கும் மாவுச்சத்தின் அளவைக் குறைத்து, அதற்கு ஈடாகப் புரதம், கொழுப்பு, நார்ப்பொருள் ஆகியவற்றைக் கூட்டி அமைக்கப்படும் காலை உணவு ஆகும். நீரிழிவு நோயாளரும் உடல் எடையைக் குறைக்க விரும்புவோரும் இதனைப் பரவலாகப் பின்பற்றுகின்றனர். முட்டை, பனீர், தயிர், நிலக்கடலை, தேங்காய், கீரை, காளான் முதலியன இவ்வகை உணவில் முதன்மை இடம் பெறுகின்றன. இவற்றுள் பலவற்றை 10 நிமிடத்துக்குள் ஆக்க முடியும் என்பதால், காலையில் வேலைக்கோ கல்லூரிக்கோ விரைந்து செல்வோருக்கும் இவை ஏற்றவை.

தமிழர் வீடுகளில் வழக்கிலுள்ள இட்லி, தோசை, பொங்கல், உப்புமா, இடியப்பம், புட்டு ஆகிய அனைத்தும் தானியத்தை அடிப்படையாகக் கொண்டவை. எனவே தமிழ்ச் சூழலில் இவ்வுணவு முறை என்பது பழகிய உணவை முற்றாகக் கைவிடுவதைக் காட்டிலும், தட்டில் தானியத்தின் பங்கைக் குறைத்துப் பிறவற்றின் பங்கைக் கூட்டுவதையே பெரும்பாலும் குறிக்கிறது. இம்மாற்றம் எல்லோருக்கும் ஏற்றதன்று. குறிப்பாக, இன்சுலினோ சிலவகை நீரிழிவு மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் காலை உணவின் மாவுச்சத்தைக் குறைப்பது ஆபத்தானது.

சொல்லும் வரையறையும்

வேதியியலில் மாவுச்சத்து என்பது கார்போவைதரேட்டுகளில் ஒரு வகை மட்டுமே. குளுக்கோசு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாக இணைந்து உருவாவது மாவுச்சத்து. சர்க்கரை வகைகளும் நார்ப்பொருளும் கூடக் கார்போவைதரேட்டுகளே. ஆயினும் பேச்சு வழக்கிலும் இதழ்களிலும் கார்போவைதரேட்டு முழுவதையும் மாவுச்சத்து என்றே குறிப்பிடுகின்றனர். இலங்கை வழக்கில் மாப்பொருள் என்ற சொல்லும் உண்டு. இக்கட்டுரையில் மாவுச்சத்து என்னும் சொல் கார்போவைதரேட்டு என்ற விரிந்த பொருளிலேயே பயன்படுத்தப்படுகிறது.

நார்ப்பொருள் சிறுகுடலில் செரிப்பதில்லை. எனவே மொத்த மாவுச்சத்திலிருந்து நார்ப்பொருளைக் கழித்துக் கிடைக்கும் அளவை நிகர மாவுச்சத்து என்பர். இரத்தச் சர்க்கரையை உயர்த்துவது பெரும்பாலும் இப்பகுதியே.

ஒரு நாளில் 130 கிராமுக்குக் குறைவாக மாவுச்சத்து உட்கொள்வதைக் குறை மாவுச்சத்து உணவு என்றும், 20 முதல் 50 கிராம் வரை மட்டும் உட்கொள்வதை மிகக் குறை மாவுச்சத்து உணவு என்றும் மருத்துவ ஆய்விதழ்களில் பல ஆசிரியர்கள் வரையறுக்கின்றனர். காலை உணவுக்கெனத் தனியே உலகளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை இல்லை. 130 கிராமை மூன்று வேளைகளுக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஒரு வேளைக்கு 43 கிராம் வரும். இடையில் அருந்தும் காப்பி, தேநீர், உண்ணும் பழம் ஆகியவற்றுக்கும் இடம் விட வேண்டியிருப்பதால், 30 கிராமுக்கு உட்பட்ட காலை உணவை இவ்வகையில் சேர்ப்பது நடைமுறைக்கு ஏற்றது. இக்கட்டுரையும் அந்த அளவையே கொள்கிறது.

வரலாறு

மாவுச்சத்தைக் குறைத்து நோயைக் கட்டுப்படுத்தும் முயற்சி இன்சுலினுக்கு முற்பட்டது. பிரித்தானியப் படை மருத்துவரான ஜான் ரோலோ, நீரிழிவு நோயாளி ஒருவருக்குத் தாவர உணவைக் குறைத்து இறைச்சியை மிகுதியாகக் கொடுத்துக் கண்ட விளைவுகளை 1797ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

இலண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாட்டுத் தொழில் செய்துவந்த வில்லியம் பான்டிங், தம் உடற்பருமனுக்காக வில்லியம் ஆர்வி என்ற மருத்துவரை 1862இல் நாடினார். ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றைப் பெருமளவு தவிர்க்குமாறு மருத்துவர் கூறினார். அதன்படி எடை குறைந்த பான்டிங் தம் பட்டறிவை 1863இல் சிறு வெளியீடாக அச்சிட்டார். அவருடைய காலை உணவில் இறைச்சியோ வாட்டிய மீனோ, பாலும் சர்க்கரையும் சேராத தேநீர், சிறு துண்டு வாட்டிய ரொட்டி ஆகியவை இருந்தன. அவ்வெளியீடு பெற்ற புகழால் அவருடைய பெயரே ஆங்கிலத்தில் எடைக் குறைப்பைக் குறிக்கும் சொல்லாயிற்று. சுவீடிய மொழியில் அது இன்றும் வினைச்சொல்லாக வழங்குகிறது. இவரும் இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரெடரிக் பான்டிங்கும் வேறு வேறு ஆட்கள் ஆவர்.

இதற்கு நேர்மாறான திசையில் காலை உணவை மாற்றியது ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய தானியச் செதில் தொழில் ஆகும். மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் கெல்லாக் உடன்பிறப்புகள் 1894இல் தானியத்தைச் செதிலாக்கும் முறையைக் கண்டனர். அவர்களுள் இளையவரான வில் கீத் கெல்லாக் 1906இல் சோளச் செதில் நிறுவனத்தைத் தொடங்கினார். பாலை ஊற்றியவுடன் உண்ணலாம் என்பதே இவ்வுணவின் கவர்ச்சி. விரைவான காலை உணவு என்றால் தானிய உணவு என்ற எண்ணம் இதனால் பல நாடுகளில் வேரூன்றியது.

1921இல் இன்சுலின் கண்டறியப்பட்ட பின்னர், நீரிழிவுக்குக் கடுமையான உணவுக் கட்டுப்பாடு ஒன்றே வழி என்ற நிலை மாறியது. 1972இல் அமெரிக்க இதய மருத்துவர் இராபர்ட் அட்கின்சு வெளியிட்ட நூல் குறை மாவுச்சத்து உணவை மீண்டும் பேசுபொருளாக்கியது. 1981இல் கனடாவின் தொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் செங்கின்சும் குழுவினரும் சர்க்கரை உயர்த்தல் குறியீடு என்ற அளவையை அறிமுகப்படுத்தினர். ஒரே அளவு மாவுச்சத்துக் கொண்ட இரு உணவுகள் இரத்தச் சர்க்கரையை வெவ்வேறு அளவில் உயர்த்தக்கூடும் என்பதை இக்குறியீடு எண்களால் காட்டியது.

தமிழ்நாட்டில் 2010களில் பேலியோ என்ற பெயரில் இவ்வுணவு முறை முகநூல் குழுக்கள் வழியாகப் பரவியது. ஊறவைத்தோ நெய்யில் வறுத்தோ 100 பாதாம் பருப்பைக் காலை உணவாகக் கொள்ளும் பழக்கம் அப்போது பெயர் பெற்றது. 100 பாதாம் ஏறத்தாழ 120 கிராம் எடை உடையது, அதாவது சுமார் 700 கலோரி ஆற்றல் தருவது. மாவுச்சத்து குறைவாயிருப்பதும் கலோரி குறைவாயிருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

உடலில் நிகழ்வது

மாவுச்சத்து வாயிலும் சிறுகுடலிலும் நொதிகளால் குளுக்கோசாக உடைக்கப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. இதனால் இரத்தச் சர்க்கரை உயரும்போது கணையம் இன்சுலினைச் சுரந்து குளுக்கோசைத் தசை, கல்லீரல், கொழுப்பிழையம் ஆகியவற்றுக்குள் செலுத்த உதவுகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் உடல் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. எனவே ஒரே தட்டு உணவுக்கு நோயற்றவரைவிட நோயாளரின் சர்க்கரை மிகுதியாக உயர்ந்து, இறங்கவும் நெடுநேரம் ஆகிறது.

காலை வேளைக்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. விடியலை ஒட்டிக் கார்ட்டிசோல், வளர்ச்சி இயக்குநீர் முதலியவற்றின் அளவு உயர்கிறது. இவை கல்லீரலிலிருந்து குளுக்கோசு வெளிவரத் தூண்டுவதோடு இன்சுலினின் செயலையும் மட்டுப்படுத்துகின்றன. இதனால் நீரிழிவு நோயாளர் பலருக்கு எதுவும் உண்ணாமலேயே காலையில் சர்க்கரை உயர்ந்து காணப்படும். இதனை விடியல் நிகழ்வு என்பர். ஏற்கெனவே உயர்ந்த அந்நிலையின்மேல் மாவுச்சத்து மிகுந்த உணவு சேரும்போது, நாளின் மிகப்பெரிய ஏற்றம் காலை உணவுக்குப் பின்னரே நிகழ்வது இவர்களிடம் பொதுவானது.

ஒரு வேளை உணவின் விளைவு அடுத்த வேளையிலும் தொடரக்கூடும். மெதுவாகச் செரிக்கும் மைசூர்ப் பருப்பு வகையைக் காலையில் உண்டவர்களுக்கு, முழுக்கோதுமை ரொட்டியை உண்டவர்களைவிட நண்பகல் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை உயர்வு குறைவாக இருந்ததைச் செங்கின்சு குழுவினர் 1982இல் வெளியிட்டனர். இது இரண்டாம் வேளை விளைவு எனப்படுகிறது.

உணவுப் பொருட்களில் மாவுச்சத்தின் அளவு

கீழுள்ளவை தோராயமான அளவுகள். பயிர் வகை, ஈரப்பதம், சமைக்கும் முறை ஆகியவற்றைப் பொறுத்து இவை சற்று மாறுபடும்.

100 கிராம் சமைக்காத பொருளில் மொத்த மாவுச்சத்து:

- வெள்ளை அரிசி: 78 முதல் 80 கிராம்
- சோளச் செதில்: 84 கிராம்
- கேழ்வரகு: 67 முதல் 72 கிராம்
- கம்பு: 62 முதல் 67 கிராம்
- ஓட்சு: 66 கிராம் (நார்ப்பொருள் 10 கிராம்)
- பாசிப்பயறு: 60 கிராமளவு (நார்ப்பொருள் 16 கிராம், புரதம் 24 கிராம்)
- பாதாம்: 22 கிராம் (நார்ப்பொருள் 12 கிராம்)
- நிலக்கடலை: 16 கிராம் (நார்ப்பொருள் 8 கிராம், புரதம் 26 கிராம்)
- தேங்காய்: 15 கிராம் (நார்ப்பொருள் 9 கிராம்)
- காலிபிளவர்: 5 கிராம்
- காளான்: 3 கிராம்

உண்ணும் அளவில்:

- இட்லி ஒன்று: 8 முதல் 12 கிராம்
- சாதா தோசை ஒன்று (நடுத்தரம்): 20 முதல் 25 கிராம்
- வாழைப்பழம் ஒன்று (நடுத்தரம்): 27 கிராம்
- முட்டை ஒன்று: 1 கிராமுக்கும் குறைவு (புரதம் 6 கிராம்)
- பால் 100 மில்லிலீட்டர்: 5 கிராம்
- சர்க்கரை ஒரு தேக்கரண்டி: 4 கிராம்

பரவலான தவறான கருத்துகள்

சிறுதானியங்கள் மாவுச்சத்துக் குறைந்தவை என்ற கருத்து மிகப் பரவலானது. மேலுள்ள பட்டியலில் காணுமாறு, கேழ்வரகுக்கும் அரிசிக்கும் மாவுச்சத்து அளவில் பெரிய வேறுபாடு இல்லை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நார்ப்பொருளும் மிகுதி என்பது உண்மையே. ஆனால் நான்கு அரிசி இட்லிக்கு மாற்றாக நான்கு கேழ்வரகு இட்லி உண்பது குறை மாவுச்சத்துக் காலை உணவு ஆகாது. தானியத்தை நைசாக அரைத்துக் கஞ்சியாக்கும்போது அது விரைவில் செரிப்பதால் சர்க்கரை இன்னும் விரைவாக உயரலாம். சத்துமாவுக் கஞ்சிக்கும் இது பொருந்தும்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவை வெள்ளைச் சர்க்கரைக்குத் தீங்கற்ற மாற்று என்பதும் சரியன்று. தேனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 கிராம் சர்க்கரை வகைகளே. நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்குரோசு ஆகும்.

பழச்சாறு பழத்துக்கு இணையானது என்பதும் அத்தகைய கருத்தே. சாற்றை வடிக்கும்போது நார்ப்பொருள் பெருமளவு நீங்கிவிடுகிறது. மூன்று பழங்களின் சர்க்கரை ஒரு குவளைக்குள் அடங்கிவிடுகிறது.

விரைவும் முன்னிரவு ஆயத்தமும்

இட்லி விரைவான உணவு என்று கருதப்படுவதற்குக் காரணம் அதன் வேலையில் பெரும்பகுதி முதல் நாளே முடிந்துவிடுவதாகும். ஊறவைத்தல், அரைத்தல், 8 முதல் 12 மணி நேரம் புளிக்க வைத்தல் ஆகியவை முடிந்த பின், காலையில் எஞ்சுவது 10 அல்லது 12 நிமிட ஆவி வேகல் மட்டுமே. குறை மாவுச்சத்து உணவுக்கு மாறுவோர் பலர் சில நாட்களில் கைவிடுவதற்கு ஒரு காரணம், இந்த முன்னேற்பாடு இல்லாமல் எல்லா வேலையையும் காலையில் தொடங்குவதே. மாவு வைத்திருக்கும் வீட்டில் வேறொன்றும் ஆயத்தமாக இல்லையெனில், அவசரத்தில் கை மாவையே நாடும்.

முதல் நாள் இரவில் செய்து வைக்கக்கூடியவை:

- முட்டையை அவித்து ஓட்டுடன் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல். ஓடு உரிக்காத அவித்த முட்டை ஒரு வாரம் வரை கெடாது.
- கீரையை ஆய்ந்து கழுவி, ஈரம் வடித்து மூடி வைத்தல்.
- காலிபிளவரைத் துருவி மூடிய கலத்தில் வைத்தல்.
- வெங்காயம், பச்சை மிளகாய், குடைமிளகாய் முதலியவற்றை நறுக்கி வைத்தல்.
- நிலக்கடலை, பாசிப்பயறு, பாதாம் ஆகியவற்றை ஊறவைத்தல்.
- தேங்காய் அல்லது நிலக்கடலைச் சட்னியைத் தாளிக்காமல் அரைத்துக் குளிரில் வைத்தல்.

இவ்வாறு செய்தால் இரவில் 15 நிமிடமும் காலையில் 10 நிமிடமும் போதுமானவை.

உணவு வகைகள்

முட்டைப் பொடிமாசு: ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் ஆகியவற்றை வதக்கி, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றிக் கிளற வேண்டும். மிளகுத்தூள் தூவி இறக்கலாம். நேரம் 7 நிமிடம். மாவுச்சத்து 3 முதல் 5 கிராம், புரதம் 12 கிராம்.

முருங்கைக்கீரை ஆம்லெட்டு: ஒரு கைப்பிடி கீரையைத் தோசைக்கல்லில் இரண்டு நிமிடம் வதக்கி, அதன்மேல் அடித்த முட்டையை ஊற்றி மூடி வேகவைக்க வேண்டும். கீரையை முதலில் வதக்காவிட்டால் முட்டை வெந்த பின்னும் கீரை வேகாமல் நிற்கும். நேரம் 6 நிமிடம்.

பனீர்ப் பொடிமாசு: முட்டை உண்ணாதோருக்கு ஏற்றது. 100 கிராம் பனீரை உதிர்த்து, வதக்கிய வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் ஆகியவற்றுடன் இரண்டு நிமிடம் மட்டும் கிளற வேண்டும். கூடுதல் நேரம் அடுப்பில் இருந்தால் பனீர் இறுகிவிடும். புரதம் சுமார் 18 கிராம்.

காலிபிளவர் உப்புமா: 200 கிராம் துருவிய காலிபிளவரை, வழக்கமான உப்புமாத் தாளிப்பில் இட்டு, நீர் ஊற்றாமல் மூடி 5 நிமிடம் வேகவைக்க வேண்டும். காலிபிளவரில் உள்ள நீரே போதும். இதில் 10 கிராம் மாவுச்சத்து உண்டு. புரதம் குறைவாதலால் நிலக்கடலை அல்லது முட்டையுடன் சேர்த்து உண்பது நன்று.

நிலக்கடலைச் சுண்டல்: இரவில் ஊறவைத்த 50 கிராம் நிலக்கடலையைக் காலையில் அழுத்தச் சமையற்கலனில் வேகவைத்து, தேங்காய்த் துருவல், மாங்காய்த் துண்டுகள் சேர்த்துத் தாளிக்கலாம். மாவுச்சத்து 10 கிராமளவு, புரதம் 13 கிராம், ஆற்றல் 300 கலோரி அளவு. வேகும் நேரத்தில் குளித்து முடிக்கலாம் என்பதால் அடுப்படியில் நிற்கும் நேரம் குறைவே.

தயிர்க் கலவை: 200 கிராம் இனிப்பிடாத தயிரில் நறுக்கிய வெள்ளரிக்காய், சீரகத்தூள், மிளகு, 10 பாதாம் சேர்த்து உண்பது. அடுப்பு தேவையில்லை. நேரம் 3 நிமிடம். மாவுச்சத்து 12 கிராமளவு. கடைகளில் விற்கும் பழச்சுவைத் தயிர்களில் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதால் அவை இதற்குப் பொருந்தா.

பாசிப்பயறு அடை: ஆந்திரத்தில் பெசரட்டு எனப்படுவது. ஊறவைத்த பயற்றை இஞ்சி, பச்சை மிளகாயுடன் அரைத்து, புளிக்க வைக்காமல் உடனே வார்க்கலாம். 50 கிராம் உலர்ந்த பயற்றில் மொத்த மாவுச்சத்து 30 கிராம், அதில் நார்ப்பொருள் 8 கிராம். எனவே இது எல்லைக்கோட்டில் நிற்கும் உணவு. எனினும் மெதுவாகச் செரிப்பதாலும் 12 கிராம் புரதம் தருவதாலும் சைவ உணவினருக்குச் சிறந்த இடைவழி ஆகும். அரிசி சேர்த்து அரைத்தால் இக்கணக்கு மாறிவிடும்.

முன்னிரவுக் குழம்பு: முதல் நாள் மீன் குழம்பையோ கோழிக் குழம்பையோ குளிரில் வைத்திருந்து, காலையில் நன்கு கொதிக்க வைத்து ஒரு தோசையுடன் உண்ணலாம். துண்டுகளைக் கூட்டித் தோசையைக் குறைப்பதே இங்கு மாற்றம். இலங்கைத் தமிழர் வழக்கில் உள்ள முட்டைச் சொதியையும் இவ்வாறே இடியப்பத்தின் எண்ணிக்கையைக் குறைத்து உண்ணலாம்.

கணக்கீட்டு எடுத்துக்காட்டு

வழக்கமான ஒரு காலை உணவு: இட்லி நான்கு (40 கிராம்), சாம்பார் ஒரு கிண்ணம் (12 கிராம்), 100 மில்லிலீட்டர் பாலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் சேர்ந்த காப்பி (13 கிராம்). மொத்தம் 65 கிராம்.

மாற்றியமைத்த காலை உணவு: இட்லி ஒன்று (10 கிராம்), இரண்டு முட்டையும் சிறிது வெங்காயமும் சேர்ந்த ஆம்லெட்டு (3 கிராம்), சாம்பார் அரைக் கிண்ணம் (6 கிராம்), சர்க்கரை இல்லாத பால் காப்பி (5 கிராம்). மொத்தம் 24 கிராம்.

இரண்டாவது தட்டிலும் இட்லி, சாம்பார், காப்பி மூன்றும் உள்ளன. குறைந்த 41 கிராமில் 30 கிராம் மூன்று இட்லிகளிலிருந்தும், 8 கிராம் காப்பியின் சர்க்கரையிலிருந்தும் வந்தவை. அதாவது இரண்டு முடிவுகள் மட்டுமே பெரும்பகுதி மாற்றத்தைத் தருகின்றன. வீட்டில் அனைவருக்கும் ஒரே சமையல் நடக்கும்போது தனிச் சமையல் தேவைப்படாமல் இருப்பதற்கும் இம்முறை உதவும்.

ஆய்வுகள்

கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உடைய 23 பேருக்கு ஒரு நாள் ஓட்சும் பழமும், மற்றொரு நாள் ஆம்லெட்டும் காலை உணவாகக் கொடுக்கப்பட்டன. இரு நாட்களிலும் நண்பகல், இரவு உணவுகள் ஒன்றே. ஆம்லெட்டு உண்ட நாளில் காலை உணவுக்குப் பின் வரும் பெரிய சர்க்கரை ஏற்றம் தவிர்க்கப்பட்டதோடு, 24 மணி நேரச் சர்க்கரை ஏற்ற இறக்கமும் குறைந்தது.

நீண்ட காலப் பயன் இத்துணைத் தெளிவாக இல்லை. அதே பல்கலைக்கழகத்தினர் பங்கேற்று 2023இல் வெளியான 12 வார ஆய்வில் 121 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவின் காலை உணவில் 8 கிராமளவும், மற்றதில் 56 கிராமளவும் மாவுச்சத்து இருந்தது. குறை மாவுச்சத்துக் குழுவில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சிறிது குறைந்தது. ஆனால் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் முறையில் உறுதிப்படும் அளவை எட்டவில்லை. எடையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த நாடளாவிய ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. 2023இல் வெளியான இதன் முடிவுகளின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கும் மேல். இந்தியர் தம் உணவு ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெறுகின்றனர் என இதே ஆய்வின் 2025ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது. தீட்டிய தானியத்துக்கு மாற்றாக முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ உண்பது மட்டும் நீரிழிவு இடர் குறைவோடு தொடர்புபடவில்லை. மாவுச்சத்தின் ஒரு பகுதிக்கு ஈடாகத் தாவரப் புரதத்தையோ பால் புரதத்தையோ உண்பது இடர் குறைவோடு தொடர்புபட்டது. எந்தத் தானியம் என்பதைவிட எவ்வளவு தானியம் என்பதே முதன்மையான வினா என்பதை இது காட்டுகிறது.

மறுபுறம், ஐக்கிய அமெரிக்காவில் 15,000க்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வில், ஆற்றலில் 50 முதல் 55 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெற்றோரிடையே இறப்பு வீதம் மிகக் குறைவாக இருந்தது. 40 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் 70 விழுக்காட்டுக்கு மேலாகவும் பெற்றோரிடையே அது உயர்ந்தது. மாவுச்சத்துக்கு ஈடாக விலங்குக் கொழுப்பையும் இறைச்சியையும் கூட்டியோரைவிடப் பருப்பு, கொட்டை போன்ற தாவர உணவுகளைக் கூட்டியோரின் நிலை மேலானதாக இருந்தது. இது உற்றுநோக்கல் ஆய்வு ஆதலால் காரண காரியத்தை மெய்ப்பிக்காது. ஆயினும், காலை உணவில் குறைப்பதையும் நாள் முழுவதும் கடுமையாகக் குறைப்பதையும் ஒன்றாகக் கருதக் கூடாது என்பதற்கு இது போதிய காரணம் ஆகும்.

எச்சரிக்கைகள்

இன்சுலின், மற்றும் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளின் அளவு, நோயாளர் வழக்கமாக உண்ணும் மாவுச்சத்தைக் கணக்கில் கொண்டே வகுக்கப்படுகிறது. 65 கிராமுக்கு வகுத்த மருந்தை எடுத்துக்கொண்டு 24 கிராம் மட்டும் உண்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். இது தாழ்சர்க்கரை நிலை ஆகும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். அலுவலகம் செல்லும் வழியில், வண்டி ஓட்டும்போது இது நேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழ் சர்க்கரை இறங்கினால், 15 கிராம் குளுக்கோசு அல்லது சர்க்கரையை உடனே உட்கொண்டு 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். சுயநினைவு இழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். எனவே காலை உணவை மாற்றுவதற்கு முன்பே மருந்தின் அளவை மருத்துவருடன் கலந்து மாற்றிக்கொள்வது இன்றியமையாதது.

டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் வகை மருந்துகளை எடுப்போர் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் கீட்டோன் அமிலத்தேக்கம் என்னும் அவசர நிலை தோன்றலாம். சர்க்கரை அளவு அவ்வளவாக உயராமலேயே இது நிகழக்கூடும் என்பதால் கவனிக்கப்படாமல் போகும் வாய்ப்பு உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் ஆகியவை ஏற்பட்டால் உடனே மருத்துவ உதவி பெற வேண்டும்.

நாட்பட்ட சிறுநீரக நோயாளர் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை மிகுதியாகக் கூட்டினால் தீய கொழுப்பு எனப்படும் எல்டிஎல் அளவு சிலருக்கு உயரும். காய், கீரை, கொட்டைகளைச் சேர்க்காவிடில் நார்ப்பொருள் குறைந்து மலச்சிக்கல் தோன்றும்.

வளரும் குழந்தைகள், கருவுற்ற பெண்கள், கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோர் ஆகியோருக்கு இவ்வுணவு முறை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் முதலியன வழங்கப்படுவது அவர்களுடைய ஆற்றல் தேவைக்கு ஏற்றதே. ஒரே வீட்டில் தந்தையின் தட்டில் ஓர் இட்லியும் குழந்தையின் தட்டில் மூன்று இட்லியும் இருப்பதில் முரண் ஏதும் இல்லை.

இவற்றையும் பார்க்க

- நீரிழிவு நோய்
- கார்போவைதரேட்டு
- சர்க்கரை உயர்த்தல் குறியீடு
- தாழ்சர்க்கரை
- இட்லி
- சிறுதானியங்கள்